மகளுக்கு அசெம்பிள்ட், பள்ளிக்கு பிராண்டட்: கோவில்பட்டி ஆசிரியருக்கு ஒரு விரிவான பதில்

கோவில்பட்டியிலிருந்து ஒரு ஆசிரியர் கேட்டிருக்கிறார்: “மகள் விஸ்காம் இரண்டாம் வருஷம். வீடியோ எடிட்டிங், போட்டோஷாப், 3டி அனிமேஷனுக்குக் கொஞ்சம் பிளெண்டர் எல்லாம் செய்கிறாள். மானிட்டர் இருக்கிறது. கையில் 80,000 ரூபாய் வைத்திருக்கிறேன். பெரிய கம்பெனி டெஸ்க்டாப்பை அப்படியே வாங்கிவிடலாமா, இல்லை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வந்து பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் பண்ணலாமா? எங்கள் பள்ளி அலுவலகத்துக்கும் இரண்டு சிஸ்டம் வேண்டும். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.”

சார், மகளுக்கு அசெம்பிள் பண்ணுங்கள். பள்ளிக்கு பிராண்டட் வாங்குங்கள், மூன்று வருஷ ஆன்சைட் வாரண்டியோடு (அதாவது கம்பெனி ஆளே நேரில் வந்து சரிசெய்யும் வாரண்டி). மகளுடைய சிஸ்டத்துக்காக ரிச்சி ஸ்ட்ரீட் வரவும் வேண்டாம். மதுரையிலோ திருநெல்வேலியிலோ ஜிஎஸ்டி பில் போட்டுத் தரும் ஒரு கடையில் எல்லா பார்ட்ஸையும் மொத்தமாக வாங்குங்கள்.

ஒரே ஆளுக்கு இரண்டு விதமாகச் சொல்கிறேனே என்று தோன்றலாம். 2001இல் இருந்து இந்த வேலையில் இருக்கிறேன். முதல் ஆறு வருஷம் ரிச்சி ஸ்ட்ரீட்டை ஒட்டிய மீரான் சாகிப் தெருவில் ஒரு கடையின் அசெம்பிளிங் டேபிளில், அதன்பிறகு சொந்தமாக சர்வீஸ். இத்தனை வருஷத்தில் எல்லாரும் கேட்பது “எது சீப்?” என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, “பழுதானால் யார் வந்து நிற்பார்கள், எத்தனை நாளில்?” இதற்கு உங்கள் வீட்டில் ஒரு பதில் இருக்கும், பள்ளி அலுவலகத்தில் வேறு பதில் இருக்கும். அதனால்தான் இரண்டு விதம்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். ‘அசெம்பிள்ட்’ என்றால் மட்டம், ‘பிராண்டட்’ என்றால் ஒரிஜினல் என்ற எண்ணம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. பிராண்டட் சிஸ்டமும் அசெம்பிள் பண்ணியதுதான். டெல்லுக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஆலை இருக்கிறது, லெனோவோவுக்குப் புதுச்சேரியில். அங்கேயும் இன்டெல், ஏஎம்டி பிராசஸரையும் வெளியிலிருந்து வந்த ராம், எஸ்எஸ்டியையும் கொண்டுதான் பெட்டியை முடிக்கிறார்கள். பார்ட்ஸைத் தனித்தனியாக வாங்கி நாமே பூட்ட முடிவதற்கு 1981 ஆகஸ்டில் ஐபிஎம் வெளியிட்ட பிசி ஒரு காரணம். அவசரமாகக் கொண்டுவர வேண்டியிருந்ததால் கடையில் கிடைக்கும் பாகங்களை வைத்தே செய்தார்கள், சர்க்யூட் வரைபடத்தையும் புத்தகமாகப் போட்டார்கள். மெஷினை ஆன் பண்ணியதும் முதலில் ஓடும் பயாஸ் என்ற புரோகிராம் ஒன்றுதான் அவர்களுடைய பதிப்புரிமைக்குள் இருந்தது. காம்பேக் கம்பெனி அதையும் பார்த்து எழுதாமல் புதிதாக எழுதி, ஐபிஎம் சாஃப்ட்வேர் ஓடுகிற தன் சொந்த மெஷினை 1983இல் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது. 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவை வெளியிட்டது. மதர்போர்டில் ஸ்க்ரூ ஓட்டை எங்கே வரவேண்டும், எல்லா பார்ட்டுக்கும் கரண்ட் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயர் எப்படி இருக்கவேண்டும் என்பதெல்லாம் அதில் அடக்கம். இன்று தைவான் கம்பெனி போர்டும் வேறொரு கம்பெனி கேபினெட்டும் ஓட்டைக்கு ஓட்டை சேர்வது அந்த அளவினால்.

இந்த இடத்தில்தான் பிராண்டட் சிஸ்டம் வழி பிரிகிறது. பெரிய கம்பெனிகளின் ஆபீஸ் மாடல்கள் பலவற்றைத் திறந்து பார்த்தால் ஏடிஎக்ஸ் அளவு இருக்காது. போர்டு வேறு வடிவம். எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட் மட்டும் தரும் சின்னப் பெட்டி, 24 பின் கனெக்டருக்குப் பதிலாக அந்தக் கம்பெனிக்கே உரிய சின்னக் கனெக்டர். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. லட்சக்கணக்கில் செய்யும்போது ஒயர் குறையும், மின்சாரம் மிச்சமாகும், இடம் சுருங்கும். வாரண்டி இருக்கும்வரை நமக்கும் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

நான் பார்த்த இரண்டு சம்பவங்களைச் சொன்னால் இது தெளிவாகும். தி.நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி வாரம். ஒரு சிஸ்டம் காலையில் ஆன் ஆகவில்லை. வாரண்டிக்குள் இருந்த பிராண்டட் மெஷின். போன் போட்டார்கள், பின்பக்கத்து ஸ்டிக்கரில் இருந்த நம்பரைக் கேட்டார்கள், மறுநாள் காலை பத்தரைக்கு ஒரு இன்ஜினியர் கையில் புது மதர்போர்டோடு வந்து நின்றார். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் வேலை முடிந்தது. நான் அசெம்பிள் பண்ணிக்கொடுத்த மெஷினாக இருந்திருந்தால் போர்டை சர்வீஸ் சென்டரில் கொடுத்து, டோக்கன் வாங்கி, திரும்பி வர இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். அதே ஆபீசில், அதே வகை மெஷின் இன்னொன்று. வாங்கி மூன்று வருஷம் நாலு மாசம் ஆனபோது எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. வாரண்டி முடிந்துவிட்டது. என் பையில் நல்ல ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் இருந்தது. மாட்ட வழியில்லை. போர்டில் ஆறு பின்தான் இருக்கிறது, பெட்டியில் இடமும் போதாது. அந்த மாடலுக்கான எஸ்எம்பிஎஸ்ஸைத் தேடிப்பிடிக்க ஒன்பது நாள். விலை சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

பள்ளி அலுவலகத்துக்கு முதல் சம்பவம்தான் முக்கியம். அங்கே டிசி அச்சடிக்கவேண்டும், எமிஸ் தளத்தில் பதியவேண்டும், ஒரு நாள் நின்றால் எல்லாம் நிற்கும். கிளார்க் கேபினெட்டைத் திறந்து பார்க்கப்போவதில்லை, திறக்கவும் கூடாது. கிராபிக்ஸ் கார்டு போடும் யோசனையும் அங்கே வராது. ஒரிஜினல் விண்டோஸோடு வருவதாகப் பார்த்து வாங்கினால் ஆடிட்டில் கேள்வி வராது. மூன்று வருஷ ஆன்சைட் வாரண்டி, முடிந்தால் வாங்கும்போதே ஐந்தாக நீட்டிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் பார்க்கவேண்டும்: 8 ஜிபி ராம் ஒரே ஸ்டிக்காகப் போட்டிருந்தால் அதேபோல இன்னொன்றையும் சேர்த்துத் தரச்சொல்லுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் படத்துக்கான மெமரியும் அந்த ராமிலிருந்துதான் போகிறது. இரண்டு ஸ்டிக் என்றால் இரண்டு பாதை, ஒரே ஸ்டிக் என்றால் ஒரே பாதை. பள்ளி விஷயம் இவ்வளவுதான்.

மகள் விஷயம் வேறு. அவளுக்கு இன்று ஒரு தேவை, இறுதியாண்டில் வேறு தேவை, வேலைக்குப் போனபின் இன்னொன்று. அந்தப் பெட்டி அவளோடு சேர்ந்து வளரவேண்டும். 80,000 ரூபாய்க்குக் கடையில் இருக்கும் பிராண்டட் டவரில் 200 வாட் சுற்றளவில் ஒரு எஸ்எம்பிஎஸ் இருந்தால், ஒரு வருஷம் கழித்து நல்ல கிராபிக்ஸ் கார்டு வாங்கினாலும் அதில் பூட்ட முடியாது. கேமிங் பிசி என்று விற்கும் பிராண்டட் பெட்டிகளில் கார்டு இருக்கும். ஆனால் விளம்பரத்தில் பிராசஸர் பெயரும் கார்டு பெயரும் பெரிதாக இருக்கும், போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் எந்த மாடல் என்று இருக்காது. மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் அந்த இரண்டில்தான்.

எஸ்எம்பிஎஸ் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப்போகிறேன். வாங்கும்போது யாரும் கவனிக்காத பார்ட் அதுதான்.

நான் அந்தக் கடையில் இருந்தபோது நடந்தது. வடபழனிப் பக்கம் கல்யாண போட்டோ எடுக்கும் ஒரு ஸ்டூடியோக்காரருக்கு சிஸ்டம். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸையே போடு என்று கடை முதலாளி சொன்னார். நான் போட்டேன். ஏழு மாசம் ஓடியது. ஒரு சாயங்காலம் கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது. மூன்றாவது தடவை வந்தபோது ‘டப்’ என்று ஒரு சத்தம், கருகல் நாற்றம். நான் போய்த் திறந்து பார்த்தேன். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஒரு பக்கம் முழுக்கக் கறுத்திருந்தது. அது தான் மட்டும் சாகவில்லை, மதர்போர்டையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. அந்த டிஸ்க்கில் இரண்டு கல்யாணத்தின் படங்கள் இருந்தன, வேறு எங்கும் நகல் இல்லை. அந்த வீட்டுக்காரர்களிடம் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன். அதன்பிறகு கேபினெட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ்ஸை எந்த வாடிக்கையாளருக்கும் நான் போட்டதில்லை.

அந்தக் கருகிய பெட்டியின் லேபிள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மேலே பெரிதாக 450 வாட் என்று இருந்தது. கீழே சின்ன எழுத்தில் ஒரு கட்டம். 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர். 12ஐ 16ஆல் பெருக்கினால் 192. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். ஆக அது உண்மையில் 200 வாட்டுக்கும் குறைவான பெட்டி. நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே கட்டத்தில் 40 ஆம்பியருக்கு மேல் இருக்கும். கடையில் எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் வாங்கி இந்தக் கட்டத்தைப் பாருங்கள். 80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு என்று போட்டிருப்பது எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் உள்ளே போகிறது என்பதற்கான மதிப்பெண் மட்டும். கரண்ட் ஏறி இறங்கினால் போர்டைக் காப்பாற்றும் சர்க்யூட் உள்ளே இருக்கிறதா என்பதை அந்த ஸ்டிக்கர் சொல்லாது. அதற்கு வாரண்டி வருஷத்தைப் பாருங்கள். ஐந்து வருஷமோ அதற்கு மேலோ கொடுக்கிற கம்பெனி தன் பொருளைத் தெரிந்துதான் கொடுக்கிறது. உங்கள் மகளுக்கு 650 வாட், ஐந்து வருஷ வாரண்டி. இதில் ஆயிரம் ரூபாய்கூடக் குறைக்காதீர்கள்.

விலைக்கு வருகிறேன். ‘அசெம்பிள் பண்ணினால் எப்போதும் சீப்’ என்பது உண்மை இல்லை. காலத்தைப் பொறுத்தது. 2021இல் எதீரியம் என்ற கிரிப்டோ காயினுக்காக மைனிங் செய்கிறவர்கள் கிராபிக்ஸ் கார்டை எல்லாம் அள்ளிக்கொண்டு போனபோது, கார்டைத் தனியாக வாங்கும் விலையில் கார்டோடு சேர்ந்த முழு பிராண்டட் பிசியைத் தேடினவர்கள் உண்டு. 2022இல்தான் கார்டு விலை படிந்தது, அந்த செப்டம்பரில் எதீரியம் மைனிங் முறையையே விட்டுவிட்டது. 2025 கடைசியில் ராம் பக்கம் அதே கதை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் எல்லாம் போய்க்கொண்டிருந்ததால் டிடிஆர்5 ராம் விலை சில மாசத்தில் இரண்டு மடங்கைத் தாண்டியது. மைக்ரான் கம்பெனி, நம் கடைகளில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தன் க்ரூஷியல் ராம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே மூடப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. இப்படிப்பட்ட நேரத்தில் பெரிய கம்பெனிகளிடம் முன்கூட்டியே பேசி வைத்த ராம் இருக்கும், அதனால் அவர்கள் விலை மெதுவாகத்தான் ஏறும். கடையில் அன்றன்றைக்கு ஏறும். ஆகவே வாங்குகிற வாரத்தில் இரண்டு பக்கமும் விலை கேளுங்கள். ஒப்பிடும்போது விண்டோஸை மறக்காதீர்கள். பிராண்டட் விலையில் பெரும்பாலும் அது சேர்ந்தே வரும். அசெம்பிள்ட் கொட்டேஷனில் இருக்காது, “அதெல்லாம் நாங்களே போட்டுத் தருகிறோம்” என்பார்கள். போட்டுத் தருவது கிராக் பண்ணியது. அது வேண்டாம், ஒரிஜினல் விண்டோஸுக்கும் பணம் ஒதுக்குங்கள். பிளெண்டர் இலவசம், வீடியோ எடிட்டிங்குக்கான டாவின்சி ரிசால்விலும் இலவசப் பதிப்பு இருக்கிறது. மிச்சமாகும் பணம் விண்டோஸுக்குப் போகட்டும்.

கூட்டிக் கழித்துப் பார்த்து, இரண்டும் ஒரே விலைக்கு வந்தாலும் மகளுக்கு அசெம்பிள் என்றுதான் சொல்வேன். காரணம், பாதியை இப்போதும் மீதியை அடுத்த வருஷமும் வாங்க முடியும்.

என்ன வாங்குவது? வீடியோ எடிட்டிங் என்பதால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் பல எச்.265 வகை வீடியோவை 10 பிட் 4:2:2 என்ற முறையில் பதிகின்றன. நிறம் நன்றாக இருக்கும், ஆனால் எடிட் செய்யும்போது அதை விரிக்கக் கம்ப்யூட்டர் திணறும். இன்டெல் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸில் இதற்கென்று குவிக் சிங்க் என்ற பகுதி இருக்கிறது. டைம்லைன் தடங்காமல் ஓடும். என்விடியா கார்டுகளில் 2025இல் வந்த 50 வரிசையில்தான் இந்த வசதி சேர்ந்தது. அதனால் ஐ5 12400 அல்லது 14400 வாங்குங்கள், கடைசியில் ‘எஃப்’ எழுத்து இல்லாதது. ஆயிரம் இரண்டாயிரம் குறைகிறது என்று 12400எஃப் கொடுப்பார்கள். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. குவிக் சிங்க்கும் போய்விடும், தனிக் கார்டு இல்லாவிட்டால் மானிட்டரில் படமே வராது.

ஏஎம்டி பக்கம், பிராசஸர் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. 2027 வரையாவது புதுப் பிராசஸர்கள் இதற்கு வரும் என்று கம்பெனியே சொல்லியிருக்கிறது. நான்கு வருஷம் கழித்துப் பிராசஸரை மட்டும் மாற்றலாம். இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட் 14ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. உங்கள் மகள் கேம் விளையாடவோ புரோகிராமிங் செய்யவோ கேட்டிருந்தால் ஏஎம்டியின் ரைசன் என்றுதான் எழுதியிருப்பேன். எடிட்டிங் என்பதால் இன்டெல்.

பிராசஸரை பாக்ஸோடு வாங்குங்கள். ‘ட்ரே’ என்று பெட்டி இல்லாமல் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பார்கள், அதற்கு வாரண்டி கடைக்காரர் சொல்கிறபடிதான். பாக்ஸ் என்றால் கம்பெனியின் மூன்று வருஷம். இது எவ்வளவு முக்கியம் என்று 2024இல் தெரிந்தது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை உயர்ரகப் பிராசஸர்கள் சில, தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுத் தம்மைத்தாமே கெடுத்துக்கொண்டன. இன்டெல் பயாஸ் திருத்தம் கொடுத்ததோடு, அந்த மாடல்களுக்கு இரண்டு வருஷம் வாரண்டியையும் கூட்டியது. பாக்ஸ் வைத்திருந்தவர்கள் நேராக இன்டெல்லிடம் போகலாம், சிஸ்டத்தோடு வாங்கியவர்கள் அந்த சிஸ்டம் கம்பெனியிடம்தான் போகவேண்டும் என்றார்கள். உங்கள் ஐ5க்கு அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் பாடம் அதேதான்.

ராம் 16 ஜிபி ஸ்டிக் இரண்டு. ஒரு டெரா என்விஎம்இ எஸ்எஸ்டி. போர்டு பி760 வகையில் நடுத்தரமானது ஒன்று. கேபினெட்டில் விளக்கு எரிவதைப் பார்க்காமல் முன்பக்கம் வலை இருக்கிறதா, கழற்றிக் கழுவக்கூடிய தூசி ஃபில்டர் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கரிசல் காட்டுக் காற்றில் மாசக் கடைசியில் அந்த ஃபில்டரைத் தட்டினால் ஒரு கைப்பிடி மண் விழும். மீதிப் பணத்தில் என்விடியா கார்டு. பிளெண்டரில் ரெண்டரிங் செய்ய என்விடியாதான் சௌகரியம். ராம் விலை ஏறிப்போய் பட்ஜெட் இடித்தால் கார்டைத் தள்ளிப்போடுங்கள், ராமைக் குறைக்காதீர்கள். கார்டு இல்லாமலேயே அவளால் ஆறு மாசம் எடிட்டிங் கற்றுக்கொள்ள முடியும். 8 ஜிபி ராமில் அவள் பொறுமைதான் போகும்.

இப்போது ரிச்சி ஸ்ட்ரீட். நான் வளர்ந்த தெரு, அதைப் பற்றிக் குறைவாகப் பேச மனம் வராது. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று ஒன்றுக்குள் ஒன்று போகும். ஒரு பையன் தலையில் நாலு மானிட்டர் பெட்டியை வைத்துக்கொண்டு டூவீலருக்கு நடுவில் புகுந்து போவான். ஆறடிக் கடையில் ரிமோட் மட்டும் ஆயிரக்கணக்கில் தொங்கும். எங்கேயும் கிடைக்காத ஒரு பழைய கனெக்டரை யாரோ ஒரு பெரியவர் டப்பாவில் கையை விட்டு எடுத்துத் தருவார். எலக்ட்ரானிக்ஸ் மேல் ஆசை இருக்கிற பிள்ளையை ஒருமுறை அங்கே கூட்டிவந்து காட்டவேண்டும். அதற்காக வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

ஆனால் சிஸ்டம் வாங்குவதற்கு வேண்டாம். அங்கே நீங்கள் இறங்கினதும் நாலு பேர் கூப்பிடுவார்கள். ‘ஐ7, 16 ஜிபி, 18,000 ரூபாய்’ என்று போர்டு இருக்கும். பொய் கிடையாது, ஐ7தான். 2011இல் வந்த ஐ7 2600ஆகவோ அடுத்த வருஷம் வந்த 3770ஆகவோ இருக்கும். விண்டோஸ் 11 முறையாக ஏறுவதற்கு இன்டெல்லில் 8ஆம் தலைமுறையாவது வேண்டும், விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. நல்ல கடைகள் அங்கே நிறைய உண்டு, நானே அனுப்பிவைக்கும் கடைகள் இருக்கின்றன. அந்த நல்ல கடையில் வாங்கினாலும் உங்களுக்கு மிச்சமாவது இரண்டாயிரம், மூன்றாயிரம். ஒரு மாசம் கழித்து ‘டிஸ்பிளே வரவில்லை’ என்றால் 500 கிலோமீட்டருக்கு மேல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறவேண்டும்.

டிஸ்பிளே வரவில்லை என்றால் ராமா, போர்டா, எஸ்எம்பிஎஸ்ஸா, பிராசஸரா? கையில் மாற்று பார்ட் இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. எட்டு பார்ட்டை எட்டு இடத்தில், பாதி ஆன்லைனில் பாதி கடையில் வாங்கியிருந்தால், ஒவ்வொருவரும் “எங்களுடையது நன்றாக இருக்கிறது” என்பார்கள். ஒரே கடையில் வாங்கியிருந்தால் அந்தக் கடை டேபிளில் வேறு ராமைப் போட்டு ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் பக்கத்து ஊர்க் கடை என்கிறேன். மதுரையோ நெல்லையோ, காலையில் பஸ் ஏறினால் மதியம் வீடு திரும்பலாம்.

கடைக்குப் போகும்போது பட்டியலை மாடல் பெயரோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ‘650 வாட் எஸ்எம்பிஎஸ்’ என்று எழுதாமல் எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று எழுதுங்கள். “அது ஸ்டாக் இல்லை சார், இதுவும் அதேதான்” என்றால் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு மறுநாள் சொல்லுங்கள். பில்லில் ஒவ்வொரு பார்ட்டின் சீரியல் நம்பரும் ஏறவேண்டும். ‘அசெம்பிள்ட் கம்ப்யூட்டர் 1 செட்’ என்று ஒரே வரியில் பில் போட்டால் நாளைக்கு ராம் வாரண்டிக்கு அந்தத் தாள் உதவாது. காலி டப்பாக்களைப் பரணில் போட்டு வையுங்கள், மூன்று வருஷத்துக்கு.

பூட்டுவதை உங்கள் மகளே செய்யட்டும். கடையில், அவர்கள் டேபிளிலேயே, அந்தப் பையன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள. கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பயப்படவேண்டிய இடம் ஒன்றே ஒன்று: போர்டில் பிராசஸர் உட்காரும் இடம். முடி மாதிரி மெல்லிசாக ஆயிரத்து எழுநூறு பின் அங்கே நிற்கும். பிராசஸரின் மூலையில் ஒரு சின்ன முக்கோணம், சாக்கெட்டின் மூலையிலும் ஒரு முக்கோணம். இரண்டையும் சேர்த்து மேலிருந்து நேராக வைத்தால் போதும், அழுத்தவே கூடாது. லிவரைப் போடும்போது ‘நறுக்’ என்று கேட்கும், அது சரியான சத்தம்தான். ராம் ஸ்டிக் இரண்டும் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்கவேண்டும். புது சிஸ்டம் சூடாகிறது என்று என்னிடம் கொண்டுவந்தவர்களில் பலருக்கு அந்தத் தாள்தான் பிரச்சினை. பயாஸில் போய் எக்ஸ்எம்பியை ஆன் பண்ணவேண்டும், இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய ராம் மெதுவாகவே ஓடிக்கொண்டிருக்கும். பின்னால் கார்டு போட்டபிறகு மானிட்டர் ஒயரை கார்டில் செருகவேண்டும், போர்டில் செருகக்கூடாது.

தானே பூட்டிய பிள்ளைக்குப் பின்னால் ஒரு ஃபேன் சத்தம் போட்டால் எங்கே பார்ப்பது என்று தெரியும். ராம் கழன்றிருந்தால் தானே அழுத்திவிடுவாள். வாரண்டி ஆன்சைட்டாக இல்லையே என்ற குறையில் பாதி அங்கே தீர்ந்துவிடும்.

யூபிஎஸ் 600 விஏ வாங்காதீர்கள். அது தருவது 360 வாட் அளவுதான். கார்டு வந்தபிறகு ரெண்டரிங் நடுவில் கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும். 1 கேவிஏ வாங்குங்கள். கேபினெட்டைத் தரையில் வைக்காமல் மேஜைமேல் வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப்பின் இரண்டு மாசம் நான் கழுவிக் காயவைத்த பெட்டிகளில் மேஜைமேல் இருந்தது ஒன்றுகூட இல்லை.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் எதையும் வாங்குவதற்கு முன்னாலேயே செய்யவேண்டும். அவள் அறையில் இருக்கிற மூன்று பின் பிளக்கில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் ஒயர் இருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் லைன், நியூட்ரல் இரண்டுக்கும் கேபினெட் இரும்புக்கும் நடுவில் சின்னக் கெபாசிட்டர்கள் இருக்கின்றன. எர்த் இல்லையென்றால் கேபினெட் முழுக்க 115 வோல்ட் சுற்றளவில் நிற்கும். கை வைத்தால் ‘சுர்ர்’ என்று இழுக்கும், டெஸ்டர் வைத்தால் எரியும். பிராண்டட் பெட்டியானாலும் இதேதான். ஆளைக் கொல்லும் அளவு கரண்ட் அதில் வராது, ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ ஒயரைச் செருகிக் கழற்றினால் மானிட்டரின் போர்ட் போய்விடும், சமயத்தில் கார்டின் போர்ட்டும். எலக்ட்ரீஷியன் வந்து லைனுக்கும் எர்த்துக்கும் நடுவில் பல்பை வைத்துப் பார்க்கட்டும். பளிச்சென்று எரிந்தால் கடைக்குக் கிளம்புங்கள்.